நடந்தும் எடை ஏன் குறையவில்லை? உணவுக்கும் உடற்பயிற்சிக்கும் உள்ள வேலைப் பிரிவினை

70 கிலோ எடையுள்ள ஒருவர் மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு மணி நேரம் நடந்தால் ஏறத்தாழ 245 கலோரி செலவாகும். டிரெட்மில்லும் கைக்கடிகாரமும் காட்டுவது பெரும்பாலும் இந்தக் கணக்கைத்தான். ஆனால் அதே ஒரு மணி நேரம் நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தாலும் அவருக்கு 70 கலோரி செலவாகியிருக்கும். நடந்ததால் கூடுதலாகச் செலவானது 175தான். முப்பத்து மூன்று கிராம் மிக்சரில் அந்த 175 கலோரியும் இருக்கிறது. அதைத் தின்று முடிக்க ஐந்து நிமிடம் போதும்.

ஆறு மாதம் விடாமல் நடந்தும் எடை இயந்திரத்தில் முள் அசையவில்லை என்று சோர்ந்துபோகிறவர்கள் செய்யும் பிழை சோம்பேறித்தனம் அல்ல. நடைக்கு அதனால் செய்ய முடியாத வேலையைக் கொடுத்திருக்கிறார்கள். எடையை இறக்குவது பெரும்பங்கு உணவின் வேலை. இறங்கும்போது தசை கரையாமல் காப்பதும், இறங்கிய எடை மறுபடி ஏறாமல் பிடித்து வைப்பதும், சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் கட்டுக்குள் கொண்டுவருவதும் உடற்பயிற்சியின் வேலை. இந்தப் பிரிவினை புரிந்துவிட்டால் இரண்டையும் பாதியில் கைவிட வேண்டிய அவசியம் வராது.

உடல் செலவை ஈடுகட்டும் விதம்

ஒரு நாளில் உடல் செலவழிக்கும் சக்தியில் 60 முதல் 70 விழுக்காடு, இதயமும் மூளையும் கல்லீரலும் சிறுநீரகமும் இயங்குவதற்கே போய்விடுகிறது. உண்டதைச் செரிப்பதற்கு 10 விழுக்காடு அளவு. மீதி இருப்பதுதான் நடமாட்டத்துக்கு. அதிலும் பெரும்பகுதி நாம் கணக்கில் கொள்ளாத அசைவுகள்: எழுவது, குனிவது, மாடிப்படி ஏறுவது, கடைக்குப் போய்வருவது. காலையில் ஒரு மணி நேரம் கடுமையாகப் பயிற்சி செய்தவர் களைப்பில் பகல் முழுவதும் உட்கார்ந்தே இருந்தால், சேர்த்ததில் ஒரு பங்கு அங்கேயே கழிந்துவிடும். பசியும் கொஞ்சம் கூடும்.

இதைவிட ஆழமான ஒரு காரணமும் உண்டு. தான்சானியாவில் வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் வாழும் ஹட்சா மக்களின் சக்திச் செலவை ஹெர்மன் பான்ட்சர் குழுவினர் அளந்து 2012இல் வெளியிட்டார்கள். அங்கே ஆண்கள் நாளுக்குச் சுமார் 11 கிலோமீட்டரும் பெண்கள் 6 கிலோமீட்டர் அளவுக்கும் நடக்கிறார்கள். ஆனாலும் உடல் அளவைக் கணக்கில் எடுத்துப் பார்த்தால், அவர்களின் மொத்த நாள் செலவு அமெரிக்க நகரவாசிகளின் செலவிலிருந்து பெரிதாக வேறுபடவில்லை. நடமாட்டம் கூடும்போது உடல் வேறு உள்வேலைகளில் சிக்கனம் பிடிக்கிறது என்பது பான்ட்சர் தரும் விளக்கம். எவ்வளவு சிக்கனம் என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. பயிற்சிக் கலோரி முழுவதும் எடைக்குறைவாக மாறாது என்பதில் அவர்கள் ஒத்துப்போகிறார்கள். உணவை மாற்றாமல் பயிற்சி மட்டும் செய்தவர்களின் சோதனைகளில் சில மாதங்களுக்குப் பிறகு சராசரியாக ஓரிரு கிலோதான் குறைகிறது.

சமையலறையில் எங்கே கை வைப்பது

முதலில் எண்ணெய். இதைச் சாப்பாட்டுத் தட்டில் அளக்க முடியாது, மளிகைப் பட்டியலில் அளக்கலாம். நான்கு பேர் உள்ள வீட்டில் மாதம் 4 லிட்டர் எண்ணெய் தீர்கிறது என்றால் ஆளுக்கு நாளைக்கு 33 மில்லி. அது 270 கலோரி. மாதத்துக்கு இரண்டரை லிட்டர் என்று முடிவு செய்து அதற்கு மேல் வாங்காமல் இருந்தால் ஆளுக்கு 20 மில்லி சொச்சம், 170 கலோரி. மிச்சமாகும் 100 கலோரியை நடந்து செலவழிக்க 70 கிலோ ஆளுக்கு அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். எண்ணெய்க் குடுவையை நேராகச் சாய்ப்பதை நிறுத்தி, 5 மில்லி தேக்கரண்டியால் எடுத்து ஊற்றுவதுதான் இதில் முக்கியமான மாற்றம். ஒரு தேக்கரண்டி எண்ணெய் 40 கலோரி. பொரியலுக்கு இரண்டு தேக்கரண்டி தாளிப்புக்குப் போதும். காய் அடிப்பிடிக்கிறது என்றால் எண்ணெய்க்குப் பதில் ஒரு கை தண்ணீர் தெளித்து மூடி வைக்கலாம். மரச்செக்கு எண்ணெயாக இருந்தாலும் நெய்யாக இருந்தாலும் கலோரிக் கணக்கு இதுதான். தேங்காய்ச் சட்னியும் இந்தக் கணக்கில் வர வேண்டியதே. 30 கிராம் துருவிய தேங்காய் 100 கலோரிக்குச் சற்று மேல்.

அடுத்தது சோறு. அரிசியை வேகவைத்த பிறகு அளந்தால் குழப்பம்தான். குழைவாக வடித்தால் ஒரு எடை, உதிரியாக வடித்தால் வேறு எடை. உலையில் போடும்போதே அளப்பது எளிது. 100 கிராம் அரிசி 350 கலோரி, வெந்தால் 270 கிராம் அளவுக்குச் சோறாகும். ஒரு 200 மில்லி டம்ளரில் தலைதட்டி அளந்தால் 160 கிராமுக்கு மேல் அரிசி பிடிக்கும். அந்த ஒரு டம்ளர் அரிசியே 560 கலோரி. எடை குறைக்க விரும்பும் பெரியவருக்கு ஒரு வேளைக்கு 60 முதல் 70 கிராம் அரிசி போதுமானது. வயிறு நிறைய மீதி இடத்தைக் காய்க்கும் பருப்புக்கும் கொடுக்க வேண்டும். சோற்றைக் குறைத்துவிட்டு அந்த இடத்தைக் காலியாக விட்டால் நாலு மணிக்குப் பசி வந்து பஜ்ஜியில் போய் முடியும்.

இரவில் சோற்றுக்குப் பதில் சப்பாத்தி என்ற பழக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் தமிழ்நாட்டில் எடை குறைக்கக் கிளம்பும் அநேகமாக எல்லோரும் இங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். 35 கிராம் மாவில் செய்த ஒரு சப்பாத்தி 120 கலோரி. மேலே ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டுச் சுட்டால் 160. நான்கு சப்பாத்தி 640. தொட்டுக்கொள்ளத் தேங்காய் அரைத்த குருமா வேறு. அதே இரவில் 250 கிராம் சோறு சாப்பிட்டிருந்தால் 325 கலோரியோடு முடிந்திருக்கும். எண்ணெய் விடாமல் சுட்ட இரண்டு சப்பாத்தியும் ஒரு கிண்ணம் பருப்புக் கூட்டும் என்றால் நல்ல உணவு. நான்கும் குருமாவும் என்றால் சோறே மேல். சிறுதானியங்களும் இப்படித்தான். கம்பு, கேழ்வரகு, சாமை, தினை எல்லாமே 100 கிராமுக்கு 320 முதல் 380 கலோரி வரை உள்ளவை, அரிசிக்குப் பக்கத்தில் வருபவை. நார்ச்சத்து கூடுதல் என்பதால் பசி தாங்கும். கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்தும் அதிகம். அளவு பார்க்காமல் தின்றால் எடை குறையாது. வெல்லம் போட்ட கேழ்வரகுக் கஞ்சி எடைக் குறைப்பு உணவே அல்ல. வெல்லமும் கருப்பட்டியும் கலோரியில் சர்க்கரைக்குச் சமம்.

தேநீர், காபியில் ஒரு குவளைக்கு இரண்டு தேக்கரண்டி சர்க்கரை என்று நாளுக்கு மூன்று குவளை குடித்தால் சர்க்கரை மட்டும் 120 கலோரி. ஆவின் பாலில், ஆரஞ்சு நிறப் பாக்கெட்டில் 6 விழுக்காடு கொழுப்பு, நீலத்தில் 3. வீட்டில் எல்லோருக்கும் ஒரே பால் என்றால் நீலத்துக்கு மாறுவது யாருக்கும் தெரியாமலே நடக்கக்கூடிய மாற்றம்.

புரதத்தில்தான் நம் தட்டு மிகவும் பின்தங்கியிருக்கிறது. நாம் உண்பதில் 62 விழுக்காடு சக்தி மாவுச்சத்திலிருந்து வருகிறது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்காகச் (ஐ.சி.எம்.ஆர்.) சென்னையிலிருந்து நடத்தப்படும் ‘இண்டியாப்’ (INDIAB) என்ற நாடு தழுவிய நீரிழிவு ஆய்வு சொல்கிறது. எடை குறைக்கும் காலத்தில் புரதம் கூடுதலாகத் தேவை, ஏனென்றால் உணவு குறையும்போது உடல் தசையையும் எடுத்து எரிக்கும். சேர வேண்டிய எடைக்குக் கிலோவுக்கு 1.2 கிராம் என்று வைத்துக்கொள்வது நல்ல அளவு. 60 கிலோ இலக்கு என்றால் நாளுக்கு 72 கிராம். சாம்பார் தினமும் இருக்கிறதே என்று சிலர் நினைப்பார்கள். நான்கு பேருக்கு 100 கிராம் பருப்பில் சாம்பார் வைத்தால் மொத்தப் புரதமே 22 கிராம்தான், ஆளுக்கு ஐந்தரை. அதுவும் மேலாகத் தெளிந்த சாம்பாரை ஊற்றிக்கொண்டால் இன்னும் குறைவு. சைவ உணவில் 72 கிராமை எட்ட இப்படி ஒரு வழி உண்டு: ஆளுக்கு 60 கிராம் பருப்பு (13 கிராம் புரதம்), 40 கிராம் கொண்டைக்கடலையில் சுண்டல் (8), 30 கிராம் உலர்ந்த மீல் மேக்கர் (15), 300 கிராம் தயிர் (10), 50 கிராம் பன்னீர் (9), நாள் முழுதும் உண்ணும் 150 கிராம் தானியத்திலிருந்து 11, காய்களிலிருந்து சில கிராம். அசைவம் உண்பவர்களுக்கு எளிது. ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் மீனிலோ கோழியிலோ 18 முதல் 22 கிராம். வறுவலாக இல்லாமல் குழம்பாக இருந்தால் எண்ணெய்க் கணக்கும் தாங்கும்.

பாக்கெட் உணவுகளைப் பற்றி ஒரு சோதனையை மட்டும் சொன்னால் போதும். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழுவினர் 20 பேரை நான்கு வாரம் மருத்துவமனையிலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் தொழிற்சாலையில் மிகவும் பதப்படுத்திய உணவும் இரண்டு வாரம் சமைத்த எளிய உணவும் கொடுத்தார்கள். முன்னால் வைத்த தட்டுகளில் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் சமம். விரும்பிய அளவு சாப்பிடலாம். பதப்படுத்திய உணவு தந்த நாட்களில் அவர்கள் தங்களை அறியாமலே நாளுக்கு 500 கலோரி அளவுக்குக் கூடுதலாகச் சாப்பிட்டு, இரண்டு வாரத்தில் 900 கிராம் ஏறினார்கள். மற்ற இரண்டு வாரத்தில் அதே அளவு இறங்கினார்கள். 2019இல் வெளிவந்த முடிவு இது. மன உறுதியைக் குறை சொல்வதற்கு முன், வீட்டில் வாங்கி வைத்திருப்பது என்ன என்று பார்ப்பது நியாயம்.

எவ்வளவு குறைக்கலாம், எவ்வளவு இறங்கும்

40 வயது, 155 சென்டிமீட்டர் உயரம், 70 கிலோ எடை உள்ள பெண்ணுக்கு ஓய்வு நிலைச் செலவு 1,310 கலோரி அளவு. எடையை 10ஆல் பெருக்கி, உயரத்தை 6.25ஆல் பெருக்கிக் கூட்டி, வயதை 5ஆல் பெருக்கிக் கழித்து, மேலும் 161ஐக் கழித்தால் இந்த எண் வரும். ஆண்களுக்கு 161ஐக் கழிப்பதற்குப் பதில் 5ஐக் கூட்ட வேண்டும். உட்கார்ந்த வேலை என்றால் அதை 1.4ஆல் பெருக்கலாம்: 1,830. இந்தியர்களுக்கு உண்மையான செலவு இந்தக் கணக்கைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கும். இதில் 400 முதல் 500 கலோரி குறைத்துச் சாப்பிட்டால் தொடக்கத்தில் வாரத்துக்கு 300 முதல் 500 கிராம் வரை இறங்கும். 1,200க்குக் கீழே தானாக இறங்குவது வேண்டாம். தசையும் சத்தும் போய்விடும், நீடிக்கவும் செய்யாது.

முதல் வாரத்தில் ஒன்றிரண்டு கிலோ மளமளவென்று குறைந்தால் அது கொழுப்பு அல்ல. கல்லீரலிலும் தசையிலும் சேமித்திருக்கும் மாவுச்சத்து தீர்கிறது. ஒவ்வொரு கிராமோடும் ஏறத்தாழ 3 கிராம் தண்ணீர் சேர்ந்து வெளியேறுகிறது. சோற்றை அறவே விட்டவர்களுக்கு வரும் ஆரம்ப உற்சாகமும், ஒரு கல்யாண விருந்துக்குப் பிறகு மறுநாளே ஒரு கிலோ ஏறியதாக வரும் பயமும் இந்தத் தண்ணீரால்தான். அதனால் காலையில் மலசலம் கழித்த பிறகு வெறும் வயிற்றில் எடை பார்த்து, ஒரு வாரச் சராசரியை முந்தைய வாரச் சராசரியோடு ஒப்பிட வேண்டும். மாதவிடாயை ஒட்டிய நாட்களை முந்தைய மாதத்தின் அதே நாட்களோடு ஒப்பிடுவது சரி.

7,700 கலோரி குறைத்தால் ஒரு கிலோ என்ற வாய்ப்பாட்டை எல்லா இடத்திலும் பார்க்கலாம். குறுகிய காலத்துக்கு அது ஏறத்தாழச் சரி. நாளுக்கு 100 கலோரி குறைத்தால் அதன்படி ஆண்டுக்கு 4.7 கிலோ குறைய வேண்டும், பத்தாண்டில் 47 கிலோ! அப்படி நடப்பதில்லை. எடை குறையக் குறைய உடலின் செலவும் குறைகிறது. 2011இல் ஹால் குழுவினர் தந்த கணக்கு உண்மைக்கு நெருக்கமானது: நிரந்தரமாகக் குறைக்கும் ஒவ்வொரு 24 கலோரிக்கும் ஒரு கிலோ, அதில் பாதி முதல் ஆண்டில், மீதி அடுத்த இரண்டு ஆண்டுகளில். எண்ணெயில் மிச்சம் பிடித்த அந்த 100 கலோரியால் முதல் ஆண்டில் இரண்டு கிலோ, மொத்தத்தில் நான்கு கிலோ. சிறிய எண்ணாகத் தெரியலாம். பட்டினி இல்லாமல் கிடைத்தது என்பதை நினைத்தால் பெரிது.

எடை இயந்திரம் காட்டாதது

உணவால் மட்டும் எடை குறைப்பவர்களுக்கு, குறைந்த எடையில் நாலில் ஒரு பங்கு வரை தசை உள்ளிட்ட கொழுப்பல்லாத பகுதியாக இருக்கும். நம்மவர்களுக்கு இது கூடுதல் கவலை. 2004இல் வந்த ஒரு புகழ்பெற்ற ஒப்பீட்டில், புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாக்னிக், லண்டனைச் சேர்ந்த மருத்துவர் யுட்கின் இருவருக்கும் பி.எம்.ஐ. (கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வரும் எண்) 22.3. யுட்கினுக்கு உடல் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாக்னிக்குக்கு 21.2. ஒரே எடைக்கு இந்தியர்களிடம் தசை குறைவு, கொழுப்பு அதிகம், அதுவும் வயிற்றுக்குள். அதனால்தான் நமக்குப் பி.எம்.ஐ. 23லேயே அதிக எடை தொடங்குகிறது. இடுப்புச் சுற்றளவில் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 என்ற எல்லை வைத்திருக்கிறார்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் டேப்பை வைத்து, இயல்பாக மூச்சை விட்ட பிறகு பார்க்க வேண்டும். மாதம் ஒருமுறை எடுத்தால் போதும். பயிற்சி செய்வோருக்கு எடை அப்படியே இருந்து இந்த அளவு குறைவது உண்டு. உள்ளுறுப்புகளைச் சுற்றிய கொழுப்பு கரைவதன் அடையாளம் அது.

எடை குறையாமலே பயிற்சியும் உணவு மாற்றமும் என்ன செய்யும் என்பதற்குச் சென்னையிலேயே வலுவான சான்று இருக்கிறது. அ. இராமச்சந்திரன் தலைமையில் நடந்து 2006இல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், நீரிழிவின் விளிம்பில் இருந்த 531 பேர் பங்கேற்றார்கள். வாழ்க்கைமுறை மாற்றம் மேற்கொண்ட குழுவுக்குத் தினமும் அரை மணி நேர வேக நடையும், சர்க்கரையும் மாவும் கொழுப்பும் குறைத்த உணவும் பரிந்துரை. மூன்று ஆண்டில், மாற்றம் எதுவும் சொல்லப்படாத குழுவில் 55 விழுக்காட்டினருக்கு நீரிழிவு வந்தது, இந்தக் குழுவில் 39.3. ஆபத்து 28.5 விழுக்காடு குறைந்தது. எடையோ குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. எடை இறங்கவில்லை என்று மூன்றாம் மாதம் நடையை நிறுத்தியிருந்தால் இந்தப் பலன் அவர்களுக்குக் கிடைத்திருக்காது.

அமெரிக்கத் தொலைக்காட்சியின் எடைக் குறைப்புப் போட்டியில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு ஆண்டுக்குப் பிறகு மறுபடி ஆராய்ந்தபோது, இழந்த சராசரி 58 கிலோவில் 41 கிலோ திரும்பியிருந்தது. உடலின் ஓய்வு நிலைச் செலவு எதிர்பார்த்ததைவிட நாளுக்கு 500 கலோரி குறைவாகவே நின்றுவிட்டது. அவர்களில் எடையைத் தக்கவைத்தவர்கள் யார் என்று பார்த்தால், உடல் உழைப்பை அதிகமாகக் கூட்டியவர்கள். எடை இழந்து ஓராண்டுக்கு மேல் காத்தவர்களை 1994 முதல் பதிவு செய்துவரும் அமெரிக்கப் பதிவேட்டிலும் இதே கதைதான். அநேகமாக எல்லோரும் உணவை மாற்றியே குறைத்தவர்கள், காப்பதற்குச் சராசரியாகத் தினம் ஒரு மணி நேரம் உடற்பயிற்சி செய்பவர்கள்.

எனவே பயிற்சியில் இரண்டு வகை வேண்டும். நடை, மிதிவண்டி, நீச்சல் போன்றவை வாரம் 150 நிமிடத்தில் தொடங்கி 300 வரை. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அதுதான் வேகத்தின் அளவு. பழக்கமில்லாதவர்கள் 10 நிமிடத்தில் தொடங்கி வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டிக்கொண்டே போகலாம். முதல் வாரமே ஒரு மணி நேரம் நடந்து முழங்காலைக் கெடுத்துக்கொள்வது அடிக்கடி நடக்கும் தவறு. சாப்பிட்ட பிறகு 10, 15 நிமிடம் மெதுவாக நடப்பது உணவுக்குப் பின் ஏறும் சர்க்கரையைத் தணிக்கும்.

இரண்டாவது வகை, தசைக்குச் சுமை தருவது. இதைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள், குறிப்பாகப் பெண்கள். வீட்டு வேலை முதுகை ஒடித்தாலும் தசையைப் பெருக்கும் அளவுக்கு எடை தூக்கும் வேலை இப்போது அதில் குறைவு. வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாள், இடையில் ஒரு நாள் விட்டு, நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை வைத்துத் தண்டால், இரண்டு பையில் தலா 3 கிலோ அரிசி வைத்துத் தூக்கி முழங்கை மடக்குவது, மல்லாந்து படுத்து இடுப்பை உயர்த்துவது என்று நான்கு போதும். ஒவ்வொன்றும் 8 முதல் 12 முறை, இரண்டு மூன்று சுற்று. பன்னிரண்டும் எளிதாகிவிட்டால் சுமையைக் கூட்ட வேண்டும். சுவருக்குப் பதில் மேசை விளிம்பு, 3 கிலோவுக்குப் பதில் 4. கூட்டாமல் ஆண்டுக்கணக்கில் அதே அளவில் செய்தால் தசைக்கு வேலையில்லை. மூச்சை அடக்கக் கூடாது, எழும்போது வெளியே விட வேண்டும். நீரிழிவுக்கு இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்கள் உணவைக் குறைத்து நடையையும் கூட்டினால் சர்க்கரை திடீரென்று தாழலாம். மருந்தின் அளவை மருத்துவரிடம் மாற்றிக்கொண்ட பிறகே தொடங்க வேண்டும்.

ஆறேழு மாதத்தில் எடை ஒரு இடத்தில் நிற்கும், எல்லோருக்கும். மேலே சொன்ன பெண் 62 கிலோவுக்கு வந்திருந்தால் அவருடைய நாள் செலவு 1,830லிருந்து 1,720க்கு இறங்கியிருக்கும். தொடக்கத்தில் 500 கலோரியாக இருந்த பற்றாக்குறை 400க்கும் கீழே போய்விட்டது, இடையில் கரண்டி எண்ணெயும் கைப்பிடி அரிசியும் மெல்லக் கூடியிருக்கும். முதலில் ஒரு வாரம் அரிசியையும் எண்ணெயையும் மறுபடி அளந்து பார்க்க வேண்டும். அளவு சரியாக இருந்தும் நான்கு வாரச் சராசரி அசையாவிட்டால், உணவை மேலும் குறைப்பதைவிட அந்த எடையிலேயே இரண்டு மூன்று மாதம் நின்று, நடையை நாளுக்கு 60 நிமிடமாக்கி, சுமைப் பயிற்சியை ஒரு நாள் கூட்டி, பிறகு அடுத்த சுற்றுக்குப் போவது நல்லது.